தொட்டுப் பார்த்துப் பிடுங்குங்கள்



கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. நவம்பர் 2ஆம் தேதிக்கு முந்தைய சனிக்கிழமை நம் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வதென்று பங்குப்பேரவையில் முடிவாகியிருக்கிறது. ஐப்பசி மழை நன்றாகவே பிடித்துக்கொண்டதால் கல்லறைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் செடி மண்டிக் கிடக்கிறது. "ஃபாதர், ஆள் வைத்துப் பிடுங்கக் கட்டுப்படியாகாது. களைக்கொல்லி அடித்துவிட்டால் எல்லாம் கருகிவிடும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். சொன்னவர் மீது குறையில்லை, வேலை சுருக்காக முடிய வேண்டும் என்கிற அக்கறைதான். ஆனால் அந்த மருந்துக்குத் தும்பையும் தெரியாது, உண்ணிச்செடியும் தெரியாது. நமக்குத் தெரியுமே! அதனால் மருந்து வேண்டாம், கையாலேயே பிடுங்குவோம் என்று கேட்டுக்கொண்டேன். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதைப் பற்றி இன்று கொஞ்சம் பேசலாம்.

பூசையில் செடி கொடிப் பேச்சா என்று நினைக்க வேண்டாம். ஆண்டவரே புதினாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். மத்தேயு நற்செய்தி 23ஆம் அதிகாரம், 23ஆம் வசனம். கொல்லையில் வளரும் புதினாவிலும் சோம்பிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒரு பங்கு எண்ணிக் காணிக்கை வைத்த மறைநூல் அறிஞரையும் பரிசேயரையும் அவர் கண்டிக்கிறார். இந்தப் பகுதியைக் கேட்கும்போது, சின்ன விஷயங்களைக் கவனிப்பதே தப்பு என்று ஆண்டவர் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதையும் செய்யத்தான் வேண்டும் என்கிறார். அவர்கள் கோட்டைவிட்டது நீதியையும் இரக்கத்தையும் நம்பிக்கையையும். புதினா இலையை எண்ணத் தெரிந்த கண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் கண்ணீர் தெரியவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம்.

ஆகவே நாம் இலையையும் பார்ப்போம், இரக்கத்தையும் மறக்காமல் இருப்போம்.

நம் கல்லறைத் தோட்டத்தில் முளைத்திருப்பவற்றில் பெரும்பகுதி அந்தப் புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். உலகம் முழுவதும் ஏறத்தாழ 7000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. வீட்டு மாடத்துத் துளசி, சளிக்குக் கஷாயம் வைக்கும் கற்பூரவல்லி, துவையலுக்கு வாங்கும் புதினா எல்லாம் அதில் அடக்கம். அதே குடும்பத்தில்தான் வரப்போரத்துத் தும்பையும், நாய்த்துளசியும், பேய்மிரட்டியும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கினால் மூலிகை என்கிறோம், தானாக முளைத்தால் களை என்கிறோம்.

எப்படி அடையாளம் காண்பது? கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, தொட வேண்டும். ஒரு தும்பைச் செடியின் தண்டைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உருளாது. நாலு பட்டையாக, விளிம்பு விளிம்பாக விரலில் தட்டும். அடுத்து இலை. ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரும் புதிருமாக இருக்கும். அதற்கு மேல் கணுவில் இருக்கும் இரண்டும் அப்படியே குறுக்கே திரும்பி நிற்கும். செடியை உச்சியிலிருந்து பார்த்தால் இலைகள் சிலுவை போட்டது போலத் தெரியும். பிறகு ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பைகள் உண்டு. கசக்கினால் அவை உடைந்து வாசனை வரும். தும்பைக்கு லேசான பச்சை வாடை. நாய்த்துளசிக்குத் தூக்கலான மணம்.

பூவைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. சோறு வெளுப்பாக வந்தால் தும்பைப்பூ மாதிரி என்று சொல்கிறோமே, அந்தப் பூவை எத்தனை பேர் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறோம்? கணுவைச் சுற்றிப் பச்சைக் கிண்ணங்கள் கொத்தாக நிற்கும். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். அதற்கு இரண்டு உதடுகள். மேல் உதடு சின்னது; பஞ்சு ஒட்டினாற்போல் மயிர் அடர்ந்து, உள்ளே இருக்கும் மகரந்தத்தின் மேல் கவிந்திருக்கும். கீழ் உதடு அகலமாக, வருகிறவர் உட்காரத் திண்ணை போட்டு வைத்ததுபோல் நீண்டிருக்கும். தேனீ அதில் வந்து உட்கார்ந்து தலையை உள்ளே விடும்போது மேலே இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் படும். பூ உதிர்ந்த பிறகு கிண்ணத்தைப் பிரித்துப் பாருங்கள். அடியில் நாலு விதை ஒட்டி உட்கார்ந்திருக்கும். தண்டுக்கு நாலு பட்டை, பழத்துக்கு நாலு விதை. தேனுக்காகத் தும்பைப் பூவைப் பறித்து உறிஞ்சிய பிள்ளைகள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு செய்துவிடாதீர்கள். பிரண்டைக்கும் நாலு பட்டைதான். ஆனால் அது திராட்சைக் கொடியின் உறவு. உண்ணிச்செடிக்கும் சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, கசக்கினால் வாடை. ஆனால் அது இந்தக் குடும்பம் இல்லை. பூ உதிர்ந்ததும் உலர்ந்த நாலு விதைக்குப் பதிலாகக் கறுப்பாகச் சதைப்பழம் உருண்டு வந்து காட்டிக்கொடுக்கும். வெளியூரிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. இன்று மலையும் காடும் அதன் கையில் இருக்கிறது. தழையைத் தின்ற ஆடு மாடுகளுக்கு நோவு வரும் என்பது மேய்க்கிறவர்களுக்குத் தெரியும்.

அன்பானவர்களே, செடி விஷயத்தில் மூன்று நான்கு அடையாளம் பார்த்த பிறகுதான் பெயர் சொல்கிறோம். மனிதர் விஷயத்தில் எத்தனை பார்க்கிறோம்? குடிக்கிறவர் வீடு, கோயிலுக்கு வராதவர் வீடு, வேறு சாதியில் பெண் கொடுத்த வீடு என்று ஒரே அடையாளத்தில் எத்தனை குடும்பங்களுக்குப் பெயர் வைத்துவிட்டோம்? அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோமா? நமக்கும் யாரோ இப்படிப் பெயர் வைத்திருப்பார்கள். கடவுள் அந்தப் பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடுவதில்லை என்பதுதான் நமக்கு ஆறுதல்.

களைகளைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை உங்களுக்குத் தெரிந்ததுதான், மத்தேயு 13ஆம் அதிகாரம். கோதுமைக்கு நடுவே களை முளைத்ததைக் கண்டு வேலைக்காரர்கள் பதறுகிறார்கள். நிலத்துக்காரர் பதறவில்லை. பிடுங்கும் அவசரத்தில் கோதுமையும் சேர்ந்து வந்துவிடுமே என்பதுதான் அவர் கவலை. நெல் வயலில் களையெடுத்துப் பழகிய அக்காமாருக்கு அந்தக் கவலை புரியும். நெல்லைப் போலவே இலை விட்டு நிற்கும் புல்லைப் புதிதாக இறங்கிய கை விட்டுவிட்டு நெல்லைப் பிடுங்கும். நம் எல்லாருடைய கையும் பிறர் ஆன்மா விஷயத்தில் புதிய கைதான். அறுவடை அவருடையது, அதுவரை பொறுத்திருக்கும் பொறுமையும் அவருடையது. அந்தப் பொறுமையில்தான் நாம் ஒவ்வொருவரும் இன்னும் வேரோடு நிற்கிறோம்.

இரக்கம் என்றால் எல்லாவற்றையும் அப்படியே வளர விட்டுவிட வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். செடி விஷயத்தில் வேண்டாம். தென்புறச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, சின்னச் சின்ன ஊதாப் பூ பூத்து, கை பட்டாலே நெடி அடிக்கும் ஒரு செடி இருக்கிறதல்லவா? அதன் பூக்கிண்ணம் முள்ளு முள்ளாக இருக்கும். விதையைத் தண்ணீரில் போட்டால் சப்ஜா மாதிரி வழவழவென்று ஊறும். அதுவும் புதினாக் குடும்பம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே பரவியது. விட்டால் வேறு எதையும் வளர விடாது. அதை விதை முற்றுவதற்கு முன் வேரோடு எடுத்துவிட வேண்டும். தண்டில் அடுக்கடுக்காக முள்பந்து கட்டி, அதிலிருந்து காவி நிறத்தில் பூ நீட்டும் உயரமான செடி ஒன்றும் கிணற்றோரம் இருக்கிறது. தேன்சிட்டு அதைத் தேடி வரும். அதை இந்த மாதம் விட்டுவைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பேரவை வேறு மாதிரி முடிவு செய்தால் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

பேய்மிரட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் சிரிப்பார்கள். தடித்த, வெல்வெட் மாதிரி மென்மயிர் படர்ந்த இலை. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ. ஆண்டவரிடம் விசுவாசம் உள்ள நமக்குப் பேயை விரட்டச் செடி தேவையில்லை. ஆனால் நம் பாட்டிமாருக்குத் தெரிந்த ஒன்று உண்டு. அந்தப் பச்சை இலையை அப்படியே பறித்துத் திரியாக முறுக்கி, எண்ணெயில் தோய்த்து அகலில் வைத்துப் பற்றவைத்தால் எரியும். காய வைக்கத் தேவையில்லை. பஞ்சுத் திரி இல்லாத வீட்டில் அது விளக்காக நின்றது. உங்கள் வீட்டுப் பாட்டி உயிரோடு இருந்தால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தும்பைச் சாறு விஷக்கடிக்கு ஆகும் என்று நம்பி யாரும் நேரம் கடத்த வேண்டாம். சனிக்கிழமை வேலையில் பூச்சி பொட்டு ஏதாவது கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

இப்போது நீங்கள் உள்ளே நுழைந்தபோது தாண்டி வந்த வாசல் கதவைத் திரும்பிப் பாருங்கள். தேக்கு. முன்பெல்லாம் தாவரவியல் அறிஞர்கள் தேக்கை உண்ணிச்செடியின் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிறகு ஆராய்ந்து, அது புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று மாற்றி எழுதினார்கள். ஆவி பிடிக்கப் பறிக்கிறோமே நொச்சி, அதுவும் அப்படியே இடம் மாறியது. தேக்கின் இளங்கிளையைத் தொட்டுப் பார்த்தால் அதுவும் நாலு பட்டைதான். ஆக, ஆண்டவரின் வீட்டுக் கதவும், அந்தக் கதவுக்கு வெளியே நாம் மிதித்துக்கொண்டு வந்த தும்பையும் ஒரே குடும்பம்.

அரசர் சாலமோனின் ஞானத்தைப் பற்றி 1 அரசர் 4ஆம் அதிகாரம் சொல்லும்போது, லெபனோனின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை எல்லாவற்றையும் பற்றி அவர் பேசினார் என்கிறது. பெரியதற்கு ஓர் எல்லை கேதுரு. சிறியதற்கு ஓர் எல்லை சுவரில் முளைக்கும் செடி. அந்த ஈசோப்பு எது என்று அறிஞர்கள் பலகாலம் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலோர் கைகாட்டுவது பாலஸ்தீனத்துக் கல் இடுக்குகளில் முளைக்கும் ஒரு புதினாக் குடும்பச் செடியை. பீட்சாவோடு பொட்டலத்தில் தருகிறார்களே ஓரிகானோ, அதற்கு மிக நெருங்கிய உறவு. சதுரத் தண்டு, மயிர் படர்ந்த சாம்பல் பச்சை இலை, சின்ன வெள்ளைப் பூ. கட்டாகக் கட்டி நனைத்தால் அந்த மயிரிலை திரவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உதறினால் தெளிக்கும்.

கடவுள் தம் மக்களை மீட்கப் புறப்பட்ட இரவில் எதைக் கையில் எடுக்கச் சொன்னார் தெரியுமா? கேதுருவை அல்ல, இந்தச் செடியைத்தான். விடுதலைப் பயணம் 12இல், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை வாசல் நிலையில் பூசியது ஈசோப்புக் கொத்து. லேவியர் 14இல், தொழுநோய் நீங்கி வருகிறவரைத் திரும்ப ஊருக்குள் சேர்த்துக்கொள்ளும் சடங்கில் கேதுருக் கட்டையோடு ஈசோப்பும் இருக்கிறது. ஏழு முறை தெளிக்க வேண்டும். இயேசு ஒரு தொழுநோயாளரைக் கை நீட்டித் தொட்டு நலமாக்கிவிட்டு, குருவிடம் போய் மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்லி அனுப்பினாரே, அந்த மனிதர் போய் நின்றது இந்தச் சடங்குக்குத்தான். ஊர் ஒதுக்கியவரை ஆண்டவர் முதலில் தொட்டார், ஈசோப்பின் துளி அதன் பிறகுதான் அவர்மேல் விழுந்தது. பாவம் செய்து நொறுங்கிய தாவீது தன்னைச் சுத்தமாக்கும்படி 51ஆம் திருப்பாடலில் கேட்பதும் ஈசோப்பினால்தான். கடைசியில், சிலுவையில் ஆண்டவர் தாகமாயிருக்கிறது என்றபோது புளித்த திராட்சை ரசத்தில் தோய்த்த கடற்பஞ்சை அவர் வாயருகே கொண்டு போனதும் ஈசோப்புத் தண்டு என்று யோவான் எழுதுகிறார்.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முன்காலத்தில் ஞாயிறு பாட்டுப் பூசைக்கு முன் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அப்போது இலத்தீனில் பாடியது அந்தத் தாவீதின் மன்றாட்டைத்தான். நவம்பர் 2 அன்று நாம் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்போதும் அதே இரக்கத்தைத்தான் கேட்கிறோம். அந்தத் தீர்த்தம் எந்தக் கல்லறைவரை போகும் என்பதுதான் இன்று நான் உங்களிடம் கேட்க வந்தது.

வடகிழக்கு மூலையை நீங்கள் அறிவீர்கள். அங்கே பளிங்குக் கல்லும் இல்லை, சிமெண்ட் சிலுவையும் இல்லை. மண் மேடுகள்தான். மழை பெய்யப் பெய்ய அவை கரைந்து தட்டையாகிக்கொண்டே வருகின்றன. இப்போது அவற்றின் மேல் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களையும், ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே இறந்துபோன குழந்தைகளையும் ஊர்ப் பெரியவர்கள் அந்த ஓரத்தில்தான் வைத்தார்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கூடாது என்றுதான் சொன்னது. 1983இல் வந்த புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்று கற்பிக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் கடவுளின் இரக்கத்தில் இருப்பார்கள் என்று நம்புவதற்கு இடமுண்டு என வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007இல் எழுதியது. சட்டம் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. நம் மனத்திலுள்ள ஓரம் இன்னும் மாறவில்லை. அந்த மேடுகளில் ஒன்றைத் தங்கள் பிள்ளையுடையது என்று சொல்ல முடியாமல் தாண்டிப் போகும் தாய்மார் இன்றும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறேன். உங்கள் பிள்ளை களை அல்ல. நாலு பட்டையும் எதிர் இலையும் இல்லாமல் முளைத்த செடி அல்ல. இந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆண்டவர் அந்தப் பிள்ளையைத் தொட நம்முடைய அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை.

இன்று மனத்தில் பாரம் தாங்க முடியாமல் இங்கே உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், பங்கு இல்லத்துக் கதவை எந்த நேரத்திலும் தட்டலாம். ராத்திரி ஆனாலும் கூச்சப்பட வேண்டாம்.

ஆகவே, பிரியமானவர்களே, சனிக்கிழமை காலை பூசை முடிந்ததும் வேலை தொடங்குவோம். மண்வெட்டியும் அரிவாளும் கொண்டு வாருங்கள், கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், மருந்து டப்பா வேண்டாம். அன்பியங்கள் ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த முறை எல்லா அன்பியங்களும் சேர்ந்து முதலில் வடகிழக்கு மூலையில் இறங்குவோம். உண்ணிச்செடியையும் நெடியடிக்கும் ஊதாப் பூச்செடியையும் வேரோடு எடுங்கள். மேட்டின் மேலிருக்கும் தும்பையை விட்டுவிட்டுச் சுற்றிலும் மண் அணைத்து மேட்டை உயர்த்துங்கள். யார் யாரை அங்கே வைத்திருக்கிறோம் என்று தெரிந்த குடும்பத்தார் பெயரை உபதேசியாரிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால், நவம்பர் 2ஆம் தேதிப் பூசையில் மற்றவர்களுடைய பெயர்களோடு சேர்த்து வாசிப்பேன். பெயர் சொல்ல முடியாதவர்கள் ஒரு சீட்டில் "என் மகன்", "என் தங்கை" என்று எழுதிக் காணிக்கைப் பெட்டியில் போட்டாலும் போதும், அப்படியே வாசிக்கிறேன். அன்று மாலை மெழுகுதிரி வாங்கும்போது ஒவ்வொரு வீட்டாரும் இரண்டு கூடுதலாக வாங்கி வாருங்கள். அந்த மூலைக்குத் திரி போதவில்லை என்ற பேச்சு வரக் கூடாது.